மெக்ரி: 43 கிலோமீட்டருக்கு ஆன செலவு

ஆர்மீனியாவின் தென்கோடியில், அராஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது மெக்ரி என்ற சிற்றூர். ஆற்றுக்கு அக்கரை ஈரான். கிழக்கே அஜர்பைஜான். மேற்கே நக்சிவான், அதுவும் அஜர்பைஜானுக்குரியதுதான், ஆனால் தாய்நாட்டோடு ஒட்டாமல் தனியே கிடக்கும் துண்டு. பரப்பு சுமார் 5,500 சதுர கி.மீ., மக்கள் ஏறக்குறைய நாலரை லட்சம். இந்த இரண்டுக்கும் நடுவே ஆர்மீனிய மண்ணில் கடக்க வேண்டிய தூரம் 43 கி.மீ. சோவியத் காலத்தில் ஆற்றை ஒட்டியே அங்கு ரயில் ஓடியது. 1990களின் தொடக்கத்தில், கராபாக் என்ற பகுதிக்காக ஆர்மீனியரும் அஜர்பைஜானியரும் மோதிய போரோடு அது நின்றுபோனது. தண்டவாளமும் பெயர்த்தெடுக்கப்பட்டது.

அந்த 43 கிலோமீட்டர் அடைபட்டதற்கு யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள்?

முதலில் ஆர்மீனியா. அதன் நில எல்லை மொத்தம் சுமார் 1,570 கி.மீ. அஜர்பைஜானோடு 996, துருக்கியோடு 311, ஜார்ஜியாவோடு 219, ஈரானோடு 44. அஜர்பைஜான் எல்லை போருக்கு முன்பே இறுகத் தொடங்கிவிட்டது. துருக்கி 1993இல் தன் எல்லையைச் சாத்தியது. ஆக 1,307 கி.மீ., அதாவது நூற்றுக்கு 83 பங்கு, மூடிய கதவு. கடல் இல்லாத நாடு மிச்சமுள்ள 263 கி.மீ. வழியாகத்தான் மூச்சுவிட வேண்டியிருந்தது. ரஷ்யாவுக்குப் போகும் லாரிகள் ஜார்ஜியா வழியாக மேல் லார்ஸ் மலைப்பாதையில் ஏறுகின்றன. குளிர்காலத்தில் பனிச்சரிவு வந்தால் அந்தப் பாதையும் நாள்கணக்கில் அடைபடும்.

அஜர்பைஜானும் விலை கொடுத்தது. காஸ்பியன் எண்ணெயை மத்தியதரைக் கடலுக்குக் கொண்டுபோகும் பாகு–திபிலிசி–ஜெய்ஹான் குழாயின் நீளம் 1,768 கி.மீ. அஜர்பைஜானில் 443, ஜார்ஜியாவில் 249, துருக்கியில் 1,076. ஆர்மீனியாவில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால் புரியும், குழாய் வடக்கே ஏறி, வளைந்து, மீண்டும் தெற்கே இறங்குகிறது. 2017 அக்டோபரில் திறக்கப்பட்ட பாகு–திபிலிசி–கார்ஸ் ரயில் பாதையும் அதே வளைவைத்தான் போடுகிறது. நக்சிவானுக்கு எரிவாயு அனுப்ப அஜர்பைஜான் ஈரானிடம் கைமாற்று ஏற்பாடு செய்துகொண்டது. இங்கே 100 பங்கு கொடுத்தால் அங்கே 85 பங்கு போய்ச் சேர்ந்தது. ஈரானின் கூலி 15 விழுக்காடாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரனோடு பேச்சு இல்லாததால் மூன்றாம் வீட்டுக்கு அளந்த படி அது.

இதுவரை சொன்னவை பணத்தால் ஈடுகட்டக்கூடியவை. லாச்சின் என்ற இன்னொரு பாதையின் கணக்கு அப்படிப்பட்டதல்ல.

2020இல் 44 நாள் நடந்த போர், நவம்பர் 10இல் ஆர்மீனியா, அஜர்பைஜான், ரஷ்யா என்ற மூன்று தரப்பு அறிக்கையோடு நின்றது. கராபாக்கில் எஞ்சியிருந்த ஆர்மீனியர்களை ஆர்மீனியாவோடு இணைக்க லாச்சின் வழியாக 5 கி.மீ. அகலத் தடம் ஒன்று ஒதுக்கப்பட்டது. காவலுக்கு 1,960 ரஷ்ய வீரர்கள், 90 கவச வண்டிகள், 380 மற்ற வாகனங்கள். தாளில் எல்லாம் எண்ணி எழுதப்பட்டிருந்தது. 2022 டிசம்பர் 12 அன்று சாலை மறிக்கப்பட்டது. 2023 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் தடையின்றிப் போக்குவரத்து நடக்க வேண்டும் என்று 13க்கு 2 என்ற கணக்கில் ஆணையிட்டது. ஏப்ரலில் ஹக்காரி பாலத்தில் அஜர்பைஜான் சோதனைச் சாவடியே அமைத்துவிட்டது. ஆயுதமும் கண்ணிவெடியும் அவ்வழியே போவதாக அது காரணம் சொன்னது.

மறியலுக்கு முன் நாளொன்றுக்கு 400 டன் சரக்கு அந்தச் சாலையில் வந்ததாகக் கராபாக்கின் ஆர்மீனிய நிர்வாகம் சொல்லியிருக்கிறது. அவர்கள் சொன்ன மக்கள்தொகை 1,20,000. ஆளுக்கு மூன்று கிலோவுக்குச் சற்று மேல்: மாவு, எரிபொருள், மருந்து, எல்லாம் சேர்த்து. ரேஷன் கூப்பன் வந்தது. பிறகு கூப்பனுக்குக் கொடுக்கவும் பொருள் இல்லை. ஜூலை இறுதியில் ஆர்மீனிய அரசு மாவு, சர்க்கரை, எண்ணெய், மருந்து ஏற்றி 19 லாரிகளை அனுப்பியது. சுமை சுமார் 360 டன். ஒரே ஒரு நாளின் வழக்கமான வரவுக்குக்கூட அது குறைவு. கோர்னிட்சோர் கிராமத்தில் வாரக்கணக்கில் நின்ற அந்த லாரிகள் கடைசிவரை உள்ளே போகவில்லை.

செப்டம்பர் 19இல் அஜர்பைஜான் தாக்கியது. மறுநாளே முடிந்தது. அதன்பின் சாலை திறந்தது, வெளியேறுவதற்கு. ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் போய்விட்டார்கள். பயணத்துக்குப் பெட்ரோல் வாங்க நின்ற கூட்டத்தின் நடுவே கிடங்கு வெடித்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு மணி நேரப் பாதையைக் கடக்க ஒரு நாளுக்கு மேலானது. இதை எழுதும்போது, 1990களின் போரில் கராபாக்கிலும் சுற்று மாவட்டங்களிலும் இருந்து துரத்தப்பட்ட ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அஜர்பைஜானியரையும் எழுத வேண்டும். ஒரு பக்கத்து அகதியை மட்டும் எண்ணும் கணக்கு பொய்க்கணக்கு.

இதைப் பார்த்தவர்களுக்கு மெக்ரியின் சண்டை தூரத்தைப் பற்றியது அல்ல என்பது புரியும். கடவுச்சீட்டில் முத்திரை குத்துவது யார் என்பதுதான் கேள்வி. 2020 அறிக்கையின் 9ஆவது பிரிவு, நக்சிவானுக்கான போக்குவரத்தின் பாதுகாப்புக்கு ஆர்மீனியா உறுதி அளிப்பதாகச் சொல்கிறது. ஆனால் லாச்சினுக்கு எழுதிய ‘தடம்’ என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. மெக்ரி வழியை ‘ஜங்கேசூர் தடம்’ என்றது அஜர்பைஜான் தலைநகர் பாகு. என் மண்ணில் என் சட்டம் என்றது ஆர்மீனியத் தலைநகர் ஏரெவான். ஆர்மீனியா ஒப்பாவிட்டால் பலத்தால் தீர்ப்போம் என்று 2021இல் அஜர்பைஜான் அதிபர் அலியேவ் சொன்னார். ஈரானின் அச்சம் வேறு. வடக்கே ஆர்மீனியாவோடு அதற்குள்ள வாசல் அந்த 44 கி.மீ. எல்லை மட்டுமே, அது கைநழுவிவிடுமோ என்பது.

2025 ஆகஸ்ட் 8இல் வாஷிங்டனில் அலியேவும் ஆர்மீனியப் பிரதமர் பாஷின்யனும் அமெரிக்க அதிபர் டிரம்பின் முன்னிலையில் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். மெக்ரி வழியாகப் போகும் பாதைக்கு டிரம்பின் பெயர். அந்தந்த நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டே போக்குவரத்து என்பது வாசகம். ஆர்மீனியா கேட்டுவந்தது அந்தச் சொற்களைத்தான். எனக்கு இந்தப் பிரகடனத்தில் பெரிதாகத் தெரிவது பெயர்ப்பலகை அல்ல, அந்த ஒரு வாசகம்தான்.

இரு முனையிலும் வேலை நடக்கிறது. கிழக்கே ஹொராதிசிலிருந்து ஆர்மீனிய எல்லை வரை சுமார் 110 கி.மீ. பாதையை 2021 முதல் அஜர்பைஜான் கட்டிவருகிறது. மேற்கே கார்ஸிலிருந்து நக்சிவான் எல்லை வரை 224 கி.மீ. பாதைக்கு 2025 ஆகஸ்டில் துருக்கி அடிக்கல் நாட்டியது, 240 கோடி யூரோ கடனில். தண்டவாள அகலம் துருக்கியில் 1,435 மி.மீ., சோவியத் வழிப் பாதையில் 1,520 மி.மீ. அந்த 85 மில்லிமீட்டருக்காக எங்காவது சக்கரம் மாற்றியோ சரக்கை இறக்கி ஏற்றியோ ஆக வேண்டும்.

2025 டிசம்பரில் அஜர்பைஜானிலிருந்து ஆர்மீனியாவுக்கு 22 வேகன்களில் ஆயிரம் டன்னுக்கு மேல் பெட்ரோல் போனது. வழக்கம்போல ஜார்ஜியாவைச் சுற்றிக்கொண்டு.