குற்றாலத்தில் வீட்டுமனை: சாரலில் மயங்கி அட்வான்ஸ் கொடுத்தால் சங்கடம்!

தென்காசி.

ஆனி, ஆடி பிறந்துவிட்டால் குற்றாலத்தில் இரண்டு சீசன். ஒன்று அருவி சீசன். இன்னொன்று தரகர் சீசன்!

மெயின் அருவியில் குளித்து, ஈரத்துண்டோடு ஒரு சூடான டீ. முகத்தில் சாரல். "இங்கயே ஒரு வீட்டைக் கட்டிக்கிட்டு இருந்திரலாம் போலிருக்கே" என்று வாய் தவறிச் சொன்னால் போதும். பக்கத்தில் நிற்பவர் திரும்புவார்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு? அருமையான எடம் ஒண்ணு இருக்கு. பாத்துட்டுப் போங்க, பாக்கதுக்கு காசா பணமா?"

இலஞ்சி, மேலகரம், ஆயிரப்பேரி என்று ஆட்டோவில் ஒரு சுற்று. "மத்தளம்பாறைல ஜோஹோ கம்பெனியே வந்தாச்சு. இன்னும் ரெண்டு வருசத்துல பாருங்க!" சாயந்தரம் பொதிகை எக்ஸ்பிரசில் ஏறுவதற்குள் அட்வான்ஸ் கைமாறி விடுகிறது. பல பேருக்கு அது பிராவிடண்ட் பண்டு பணம். முப்பது வருஷ உழைப்பு.

தரகர் எல்லாரும் மோசம் என்று சொல்லிவிட முடியாது. எந்த வீட்டில் அண்ணன் தம்பி தகராறு, எந்தக் கிணறு சித்திரையில் வற்றும், எந்தப் பாதை அடுத்தவன் பட்டாவில் போகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. வாங்குகிறவரிடம் அதைச் சொல்வாரா என்பதுதான் கேள்வி. விலை படிந்தால்தான் அவருக்குத் தரகு. அதையும் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வாங்குகிறார்.

சித்திரை வெயிலில் பாருங்கள்

சீசனில் எந்த மனையும் பச்சைப்பசேல்தான். அதே மனையை ஏப்ரல், மே மாதத்தில் பார்த்தால் சங்கதி தெரியும். அருவியே வறண்டு பாறையாக நிற்கும் மாதம் அது. போர் தண்ணீர் எத்தனை அடியில் என்று அக்கம்பக்கத்து வீட்டில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மலையடிவாரத்தில் காய்ந்து கிடக்கும் பள்ளம் ஓடையாக இருக்கலாம். 2024 மே 17ந் தேதி பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது சிறுவன் பரிதாபமாக இறந்தான். மலைத் தண்ணீர் சொல்லிக்கொண்டு வராது. மனையின் புல வரைபடத்தை வாங்கிப் பார்த்தால் ஓடை, வாய்க்கால், பாதை எல்லாம் கோடு போட்டுக் காட்டும். "அது சும்மா பள்ளம் சார்" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

"பஞ்சாயத்து அப்ரூவல்" மோசடி

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம்தான் செல்லும். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு தடை போட்டபோது தமிழ்நாடு முழுக்க ரியல் எஸ்டேட்காரர்கள் ஆடிப் போனார்கள். அந்த வருஷம் அக்டோபர் 20ந் தேதிக்கு முந்திய மனைகளை வரன்முறை செய்ய 2017-ல் அரசு வழி செய்தது. அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட மனை என்றால் உஷார்.

500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 செண்டுக்கு மேல் மனை போட்டு விற்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்த மனைகளை விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். 2016-ம் வருஷச் சட்டம் அது. பதியாமல் வியாபாரம் செய்தால் நாளொன்றுக்கு ரூ.10 ஆயிரம் அபராதம்.

ஆனால் இதில் ஓர் ஓட்டை. பழைய வீடு, ஒற்றை மனை கைமாற்றி விடும் டீக்கடை தரகர் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார். ஏமாறுகிறவர் அதிகமாகச் சிக்குவதோ அவரிடம்தான்!

பவரும் பத்திரமும்

சொந்தக்காரர் பம்பாயில் இருக்கிறார், பவர் என்னிடம் என்பது அடுத்த வசனம். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவரும் பொதுவாக அதோடு போச்சு. பவர் பத்திரத்தாலேயே சொத்து கைமாறாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாகிவிட்டது. சொந்தக்காரரிடமே டெலிபோனில் இரண்டு வார்த்தை பேசினால் பாதி பொய் வெளியே வந்துவிடும்.

பதிவாகிவிட்டால் கவலை இல்லை என்று நினைப்பதும் தப்பு. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலை அல்ல என்று 2025 ஏப்ரல் 7ந் தேதி ஒரு தமிழ்நாட்டு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் பதிவாகாத உயிலும், பங்காளி வழக்கும் அதில் தெரியாமல் போகலாம். மூலப்பத்திரத்தில் இருந்து வக்கீல் ஒருவர் படித்துப் பார்ப்பதற்கு ஆகும் பீஸ், தரகுக் கூலியில் ஒரு சிறு பங்குதான்.

பத்திரச் செலவையும் கணக்கில் வைக்க வேண்டும். முத்திரைத்தாள் நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2. பத்து லட்சத்துக்கு ரூ.90 ஆயிரம். பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு.

தென்காசியில் விவரம் தெரிந்தவர்கள் அட்வான்சைத் தரகர் கையில் கொடுப்பதில்லை. சொந்தக்காரர் பெயரில் செக். தரகு, பத்திரம் பதிவாகும் அன்று சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில். ரசீது கேட்டால் மட்டும் தரகர் சிரிக்கிறார்.

"ரசீதா? நம்மளுக்குள்ள எதுக்கு அண்ணாச்சி அதெல்லாம்!"