டி.பி. மாத்திரைக்கு அடங்காத இருமல்

இருமினால் ரத்தம், விட்டுவிட்டுக் காய்ச்சல், ஆள் பாதியாக இளைப்பு. எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரலில் ஓட்டை. நம் ஊரில் யாரைக் கேட்டாலும் 'டி.பி.'தான் என்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். சளியில் கிருமி அகப்படாவிட்டாலும், சந்தேகத்தின் பேரில் டி.பி. மாத்திரை தொடங்குவதுண்டு. மாதக்கணக்கில் விழுங்கியும் காய்ச்சல் விடாத சிலருக்கு வந்திருப்பது கிருமியால் வந்த நோயே அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் ரத்தக்குழாய்களையே தாக்கும் 'வாஸ்குலைட்டிஸ்'.

இந்த வகையில் நுரையீரலை அதிகம் பதம்பார்ப்பது ஜி.பி.ஏ. என்ற நோய். 1930-களில் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஃபிரெட்ரிக் வெக்னரின் பெயரே நெடுங்காலம் இதற்கு இருந்தது. அவர் நாஜிக் கட்சிக்காரர் என்பது அம்பலமானபின், 2011-ல் மருத்துவச் சங்கங்கள் பெயரை மாற்றின. நல்ல காரியம்.

இதில் 'ஆன்கா' என்ற எதிர்ப்பொருள் வெள்ளணுக்களை உசுப்பிவிடுகிறது. அவை நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு அதை அரிக்கின்றன. ரத்தம் காற்றறைகளுக்குள் கசிந்தால், இருமலில் ஒரு சொட்டுகூட வராமலே மூச்சு திணறும். ஹீமோகுளோபின் மளமளவென்று இறங்கும்.

துப்பு பெரும்பாலும் நுரையீரலுக்கு வெளியேதான் கிடக்கிறது. ஆறாத சைனஸ், மூக்குக்குள் ரத்தப் பொருக்கு, காதடைப்பு. சிலருக்கு மூக்குத் தண்டே உள்வாங்கிவிடும். சிறுநீரகமோ வலியே இல்லாமல் கெடும். சிறுநீரில் புரதமும் சிவப்பணுவும் தெரிவதுதான் முதல் எச்சரிக்கை. ஸ்கேனுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் நாம், மலிவான சிறுநீர்ப் பரிசோதனையைச் சடங்காக நினைப்பது எனக்கு வியப்புதான். அந்தச் சீட்டை ஒழுங்காகப் பார்த்தால் சிலர் டயாலிசிஸிலிருந்து தப்பலாம்.

ஆன்கா 'பாசிட்டிவ்' என்று வந்ததும் முடிவுகட்டிவிடவும் கூடாது. டி.பி. நோயாளிகள் சிலருக்கும் அப்படி வரும். அவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். அதனால்தான் முடிந்தவரை திசுவை எடுத்து பயாப்ஸி பார்க்கிறார்கள்.

சிகிச்சை இல்லாத காலத்தில் இந்நோயாளிகளின் சராசரி ஆயுள் 5 மாதம் என்று 1958-ல் கணக்கிட்டார்கள். 1970-களில் அமெரிக்காவில் ஷெல்டன் வுல்ஃபும் ஆண்டனி ஃபாசியும் (கொரோனா காலத்தில் டி.வி.யில் பார்த்த அதே ஃபாசிதான்) ஸ்டீராய்டுடன் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்து நிலைமையைப் புரட்டிப்போட்டார்கள். அதற்கு ஈடாக ரிட்டுக்ஸிமாப் ஊசியும் வேலை செய்கிறது என்பது 2010-ல் உறுதியானது. ஆனாலும் அடங்கிய நோய் பலருக்குத் திரும்பத் தலைகாட்டும். மூக்கில் மறுபடி பொருக்கு தட்டினால், அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.