நாஷ்வில் நகரில் ஆற்றுப்படுத்துவோர் மாநாடு

அமெரிக்கக் கிறிஸ்தவ ஆற்றுப்படுத்துவோர் சங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலக மாநாடு ஒன்றைக் கூட்டுகிறது. 2023 செப்டம்பரில் அம்மாநாடு டென்னசி மாநிலத் தலைநகராகிய நாஷ்வில் நகரில் நடைபெற்றபோது, அதில் பங்குபெறும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அங்கே கேட்டவற்றுள் நம் குடும்பங்களுக்குப் பயன்படத் தக்க சிலவற்றை மட்டும் இங்கு எழுதுகிறோம்.

மாநாடு நடந்த கேலர்ட் ஓப்ரிலேண்ட் விடுதியே ஒரு சிற்றூர் எனலாம். ஏறத்தாழ 2,900 அறைகள். கண்ணாடிக் கூரையின்கீழ் ஒன்பது ஏக்கர் பரப்பில் சோலையும் நீரோடையும் அருவியும். 2010 மே மாதம் கம்பர்லேண்ட் ஆறு பெருக்கெடுத்து உள்ளே புகுந்ததால் மூடப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில்தான் அது மீண்டும் திறக்கப்பட்டதாம். துயருற்றோரைத் தேற்றும் கலையைக் கற்க இத்துணை ஆடம்பரம் வேண்டுமோ என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

வந்திருந்தோரில் மிகப் பெரும்பாலோர் பிரிந்த சகோதரர்களே. போதகர்கள் சிலர், ஏனையோர் இதையே தொழிலாகக் கொண்டவர்கள். அந்நாட்டில் இப்பணிக்கு முதுகலைப் பட்டமும், மூத்தோர் மேற்பார்வையில் நெடுநாள் பயிற்சியும், தேர்வும் முடித்து, மாநில அரசின் உரிமம் பெற வேண்டும். அவ்வுரிமத்தைப் புதுப்பிக்க, குறிப்பிட்ட மணி நேரம் தொடர்ந்து கற்றிருக்கவும் வேண்டும். ஆகவே காலையில் பாடலும் செபமுமாய் ஒன்றுகூடியவர்கள், பின்னர் மணவாழ்வுப் பிணக்கு, குடிப்பழக்கம், இழப்பின் துயர், சிறுவயதில் பட்ட காயம் எனத் தனித்தனி வகுப்புகளுக்குப் பிரிந்து சென்றனர்.

ஆனால் இச்சங்கத்தைச் சூழ்ந்த உலகில் பழைய வழக்கு ஒன்று உண்டு. அதை அறிவது நமக்கும் நல்லது. 1970-இல் ஜே ஆடம்ஸ் என்னும் பிரெஸ்பித்தேரியப் போதகர் ஒரு நூல் வெளியிட்டார். உடல் நோயை மருத்துவர் பார்க்கட்டும். மற்ற உளத் துன்பங்கள் பெரும்பாலும் பாவத்தின் விளைவே. அவற்றிற்கு விவிலியமே போதும், உளவியல் வேண்டா என்பது அவர் கட்சி. லாரி கிராப் என்பவர் 1977-இல் எழுதிய நூலில் இதை மறுத்தார். இஸ்ராயேலர் எகிப்தியரின் பொன்னையும் வெள்ளியையும் எடுத்துச் சென்றதுபோல, உளவியலிலுள்ள நல்லதை ஆய்ந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

இந்த உவமை நமக்குப் புதிதன்று. புறச்சமயத்தார் கல்வியைக் குறித்துப் புனித அகுஸ்தீனார் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைக் கையாண்டுள்ளார். (அதே மக்கள் பிற்பாடு பொன்னை உருக்கிக் கன்றுக்குட்டி வார்த்தார்கள் என்பதையும் மறத்தலாகாது. உளவியலையே வேதமாக்குவோர் மேலைநாட்டில் இன்று குறைவில்லை.)

அங்கே நாம் எண்ணியது இன்னொன்று. சீராக் ஞான நூலின் 38-ஆம் அதிகாரம் நம் விவிலியத்தில் உண்டு. அவர்கள் விவிலியத்தில் இல்லை. நோயுற்றால் செபி, பாவத்தை விலக்கு, பின் மருத்துவனுக்கும் இடம் கொடு, அவனையும் ஆண்டவரே உண்டாக்கினார் என்று அது தெளிவாகக் கூறுகிறது. இவ்வசனங்களைக் கையில் வைத்திருக்கும் நம் குடும்பங்களில் நடப்பது என்ன? உறக்கமின்றி, உணவின்றி, அழுதுகொண்டே இருக்கும் மகளை நவநாளுக்கும் குணமளிக்கும் கூட்டத்திற்கும் மாறிமாறி அழைத்துச் செல்கிறோம். மனநல மருத்துவரிடம் கூட்டிச் சென்றால் திருமணம் தடைப்படுமே என அஞ்சுகிறோம். கூட்டத்தில் கைவைத்துச் செபித்தாயிற்று என்று, உண்டுவந்த மாத்திரையையும் நிறுத்திவிடுவோர் உளர். மருந்து நற்கருணை நோன்பைக்கூட முறிப்பதில்லை. விசுவாசத்தை எப்படி முறிக்கும்?

வேறொரு மயக்கத்தையும் தெளிவாக்க வேண்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கூறுவதும் ஆற்றுப்படுத்துபவரிடம் கூறுவதும் ஒன்றல்ல. முன்னதன் முத்திரையைக் குருவானவர் எக்காரணத்தாலும் உடைக்க முடியாது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 983-ஆம் விதி அது. ஆற்றுப்படுத்துபவரும் இரகசியம் காப்பவரே. ஆயினும் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆபத்திலிருந்தால், அவரைக் காக்கத் தக்கவருக்கு அறிவித்தாக வேண்டும். சிறுவருக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமையை அறிந்தவர் எவராயினும் அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது நம் நாட்டிலும் 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமை. குடும்ப மானம் என்று மூடி மறைக்க அங்கே இடமில்லை.

தம் திறமைக்கு அப்பாற்பட்டவரைத் தக்கவரிடம் அனுப்பத் தெரிந்தவரே நல்ல ஆற்றுப்படுத்துநர். இது இப்பணியின் அடிப்படை நெறி. நம் தமிழ்ச் சொல்லே இதைத்தான் கூறுகிறது. பரிசு பெற்று மீளும் பாணன், வறுமையில் வாடி எதிரே வரும் பாணனுக்கு வள்ளல் இருக்கும் வழியைக் காட்டுவதே ஆற்றுப்படை. வழிகாட்டுபவன் வள்ளல் அல்லன். வழி அறிந்தவன், அவ்வளவே.

பங்குத்தந்தையரிடம் வரும் தம்பதியர் பலர், பத்து நிமிடத்தில் பத்தாண்டுப் பிணக்கைத் தீர்த்துவைக்கும்படி கேட்கின்றனர். நாங்கள் செவிமடுப்போம், செபிப்போம். அதன்பின் பயிற்சி பெற்ற ஒருவரின் முகவரியைத் தந்தால், சாமியார் தட்டிக்கழிக்கிறார் என்று எண்ண வேண்டா. நள்ளிரவில் மனம் தாங்காதபோது அழைப்பதற்கு, 2022-இல் நடுவணரசு தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண் இருக்கிறது. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் செபமாலை தொங்கும் ஆணிக்கருகே அதை எழுதி வையுங்கள்.