கிளாஸ்கோவின் இரண்டாவது வாக்குச்சீட்டு

1961ஆம் ஆண்டில் பாகிஸ்தானிலிருந்து பிழைப்புத் தேடி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரை அடைந்த இளைஞர் ஒருவர், அந்நகரப் பேருந்துகளில் நடத்துநராகவும் பின்னர் ஓட்டுநராகவும் பணிபுரிந்தார். 46 ஆண்டுகள் கழித்து, 2007இல், ஸ்காட்லாந்துப் பாராளுமன்றத்தின் முதல் முஸ்லிம் உறுப்பினராக அவர் பதவியேற்றார். உறுதிமொழியை உருது மொழியிலும் எடுத்துக்கொண்டார். அவர்தாம் மர்ஹூம் பஷீர் அஹ்மத். சிறுபான்மையினர் ஒருவரை அவைக்குள் கொண்டுசேர்த்த தேர்தல் முறை எத்தகையது என்பதை, வாசக அன்பர்களே, நீங்கள் அறிந்துகொள்வது நன்று.

1707இல் இங்கிலாந்துடன் இணைந்தபோது ஸ்காட்லாந்து தன் பாராளுமன்றத்தை இழந்தது. 1997 செப்டம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில், வாக்களித்தோரில் 74.3 விழுக்காட்டினர் அதை மீண்டும் கோரினர். 1999 மே மாதம் முதல் தேர்தல் நடந்தது. கல்வி, மருத்துவம், வீட்டுவசதி, நீதிமன்றங்கள் ஆகியவை எடின்பரோவிலுள்ள இந்த அவையின் பொறுப்பு. பாதுகாப்பு, வெளியுறவு, குடியேற்றம், நாணயம் ஆகியவற்றை லண்டன் தன் கையிலேயே வைத்துக்கொண்டது.

அவையின் உறுப்பினர்கள் 129 பேர். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரு வாக்குகள் உண்டு. முதல் வாக்கு தொகுதி வேட்பாளருக்கு. அதிக வாக்குப் பெற்றவர் வெல்லும், நாம் நன்கறிந்த முறை அது. அவ்வாறு 73 பேர் வருவர். இரண்டாம் வாக்கை ஆளுக்கல்ல, கட்சிக்கு அளிக்கவேண்டும். நாடு எட்டு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, வட்டாரத்திற்கு ஏழு பேராக 56 பேர் கட்சிகளின் பட்டியல்களிலிருந்து எடுக்கப்படுவர்.

இங்கேதான் கணக்கின் நுட்பம் இருக்கிறது. ஒரு கட்சி பெற்ற வட்டார வாக்குகளை, அது ஏற்கெனவே வென்ற தொகுதிகளோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுப்பார்கள். 2007இல் கிளாஸ்கோவின் பத்துத் தொகுதிகளில் ஒன்பதைத் தொழிற்கட்சி வென்றிருந்தது. ஆகவே அதன் வட்டார வாக்குகள் பத்தால் வகுக்கப்பட்டன. ஒரே தொகுதியை வென்ற ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் வாக்குகளோ இரண்டால்தான் வகுக்கப்பட்டன. வகுத்துவந்த ஈவு எந்தக் கட்சிக்குப் பெரிதோ அதற்கு முதல் இடம். இடம் பெற்றதும் அக்கட்சியின் வகுஎண் ஒன்று கூடும். இப்படியே ஏழு முறை. முடிவில் தேசியக் கட்சிக்கு நான்கு இடங்களும், வேறு மூன்று கட்சிகளுக்கு ஒவ்வோர் இடமும் கிடைத்தன. அந்த நால்வரில் ஒருவரே பஷீர் அஹ்மத். தொகுதிகள்தோறும் சிதறிக் கிடந்து வீணாகியிருக்கக்கூடிய வாக்குகள், நகர் முழுவதற்குமாக ஒன்றுதிரண்டு எண்ணப்பட்டன.

குறையில்லாத முறை என்று சொல்லமாட்டேன். பட்டியலில் யார் மேலே, யார் கீழே என்பதைக் கட்சியே தீர்மானிக்கிறது. கட்சி அலுவலகத்தில் செல்வாக்கில்லாதவருக்கு அந்த ஏணி எட்டாது. மேலும் அதே 2007இல் இரு வாக்குகளையும் ஒரே தாளில் அச்சிட்டுவிட்டார்கள். குழம்பிய மக்கள் தவறாகக் குறியிட, இரு வாக்குகளிலும் சேர்த்து 1,40,000க்கும் அதிகமானவை செல்லாதவையாயின. ஒரு தாளைச் சிக்கனப்படுத்தப் போய் வந்த வினை!

2009 பிப்ரவரியில் பஷீர் அஹ்மத் காலமானார். இடைத்தேர்தல் நடைபெறவில்லை, பட்டியலில் அடுத்திருந்தவர் அவ்விடத்திற்கு வந்தார். வட்டார இடம் மக்கள் கட்சிக்கு அளித்தது என்பதே அதன் காரணம்.

அவரிடம் உதவியாளராக இருந்த ஹம்ஸா யூசுஃப் 2011இல் அதே கிளாஸ்கோ பட்டியல் வழியே அவைக்கு வந்தார்; 2016இல் தொகுதியிலேயே நின்று வென்றார். 2023 மார்ச்சில் அவை அவரை முதலமைச்சராகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் சிறு கட்சிகளுக்கு இடம்தரும் இம்முறையில் எக்கட்சிக்கும் எளிதில் அறுதிப் பெரும்பான்மை கிட்டுவதில்லை. 2021 தேர்தலில் அவர் கட்சி வென்றவை 64, தேவைப்பட்டது 65. 2024 ஏப்ரலில் பசுமைக் கட்சியுடனான உடன்பாட்டை அவரே முறித்தார். நம்பிக்கையில்லாத் தீர்மானம் நெருங்கியபோது எண்ணிக்கை கைகொடுக்கவில்லை. மே மாதம் பதவியை விட்டு இறங்கினார்.

வாக்குரிமையிலும் அவர்கள் கதவை அகலத் திறந்திருக்கிறார்கள். 2016 தேர்தல் முதல் 16 வயதினரும் வாக்களிக்கின்றனர். காமன்வெல்த் நாட்டவருக்கு முன்பே இருந்த உரிமையை, 2020இல் இயற்றிய சட்டம், அங்கே சட்டபூர்வமாகத் தங்கியுள்ள பிற நாட்டவருக்கும் அடைக்கலம் பெற்ற அகதிகளுக்கும் அளித்தது. 2021 மே மாதம் அவர்களும் வரிசையில் நின்று இரண்டு சீட்டுகளையும் பெற்றுக்கொண்டனர்.