எட்டு பைட்டில் சிக்கிய ஓட்டை
படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பில் எழுதவும் முடிந்தது. லினக்ஸின் கோளாறு அகப்பட்ட கதை.

2021 ஏப்ரலில் வந்தது ஒரு சாதாரணப் புகார். இணையதளங்களுக்குக் கம்ப்யூட்டரில் இடம் தரும் ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர், தன் பதிவுக் கோப்பு திறக்கவில்லை என்றார். சரிசெய்து கொடுத்தார்கள். ஆனால் அதே கோளாறு திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. ஒவ்வொரு முறையும் கெட்டிருந்தது கோப்பின் கடைசி எட்டு பைட்டுகள்தான்.

மாக்ஸ் கெல்லர்மான் என்ற புரோகிராமர் விடாமல் துருவினார். குற்றவாளி, லினக்ஸின் இதயமான கெர்னல். படிக்கும் கோப்பின் நகலை அது நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. புரோகிராம்களுக்கிடையே தகவல் கடத்தும் 'பைப்' வழியாக அந்த நகலில் யாரும் எழுதிவிடலாம் என்று தெரிந்தது. பைப்பில் ஒரு பழைய குறியீட்டை அழிக்காமல் விட்ட பிழை 2016ல் நுழைந்தது. 2020ல் வந்த 5.8 பதிப்பில்தான் அது ஆபத்தானது.

வெளியாள் இதன் மூலம் நேரடியாக நுழைய முடியாது. ஆனால் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர்கூட பாஸ்வேர்டு கோப்பைத் திருத்தி முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம். பலர் பகிரும் கம்ப்யூட்டரில் இது பெரும் அபாயம். கூகுளின் பிக்ஸல் 6 போனும் தப்பவில்லை.

2022 பிப்ரவரி 20ல் கெல்லர்மான் லினக்ஸ் பாதுகாப்புக் குழுவுக்குத் தகவல் தந்தார். 23ல் திருத்திய பதிப்புகள் வந்தன. மார்ச் 7ல் 'டர்ட்டி பைப்' என்ற பெயரில் உலகுக்கு அறிவிப்பு. மூன்றே நாளில் மருந்து தயார். ஆனால் அதை நிறுவாத கம்ப்யூட்டருக்கு அது வெறும் ஏட்டுச் சுரைக்காய்தான்.