முறைவழியாக்கிகளின் பன்மையும் மென்பொருட் பொதிகளும்: டெபியன் பற்றிய ஒரு நோக்கு

மூலநிரலை எந்த முறைவழியாக்கியும் நேரே விளங்கிக்கொள்வதில்லை. இன்ரெல், ஏ.ஆர்.எம்., ஐ.பி.எம். பேரியந்திரங்கள் என்பன வெவ்வேறு கட்டளைத் தொகுதிகளை உடையன. ஆகவே ஒரே மூலநிரல் ஒவ்வொரு கட்டமைப்புக்கும் தனித்தனியே தொகுக்கப்பட்டுப் பொதியாக்கப்படல் வேண்டும். 1993இல் தொடங்கப்பெற்ற டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கல், 1998இல் வெளிவந்த 2.0 பதிப்பில் இன்ரெல் இயந்திரங்களோடு மோட்டரோலா 68000 வரிசைக்கும் இடமளித்தது. இப்பணியின் இயல்பினை ஈண்டு நோக்குவோம்.

தொகுத்தல் நிறைவேறியமையால் மாத்திரம் நிரல் செம்மையானது எனக் கொள்ளல் இயலாது. 1 என்னும் எண்ணை நான்கு பைற்றுகளில் எழுதுங்கால், இன்ரெல் முறைவழியாக்கி சிறிய பைற்றை முதலில் வைக்கும், ஐ.பி.எம். பேரியந்திரமோ அதனை இறுதியில் வைக்கும். ஒன்று எழுதிய கோப்பினை மற்றையது மாற்றமின்றி வாசிப்பின் 1 என்பது 16,777,216 ஆகிவிடும். சி மொழியின் எழுத்துவகை மாறி, லினக்சில், இன்ரெல் கட்டமைப்பில் எதிரெண்ணையும் ஏற்கும், ஏ.ஆர்.எம். கட்டமைப்பில் ஏற்காது. கோப்பின் முடிவு −1 என்பதாற் குறிக்கப்படுவதால், அதனை இம்மாறியில் இட்டு ஒப்பிடும் நிரல் பின்னையதில் முடிவின்றிச் சுழலும். இத்தகைய தவறுகள் தொகுப்பியின் கண்ணுக்குப் பெரும்பாலும் புலப்படா.

ஆதலின் டெபியனில் தானியங்கிக் கணனிகள் ஒவ்வொரு கட்டமைப்புக்கும் பொதிகளை உருவாக்கிப் பரிசோதிக்கின்றன. முன்னர் உருவாகிய கட்டமைப்பொன்றில் புதிய பதிப்பு உருவாகத் தவறின், பொதுவாக அது அடுத்த வெளியீட்டை நோக்கி நகர அனுமதிக்கப்படுவதில்லை. இயந்திரம் கிட்டாதவிடத்துக் கியூஇஎம்யூ போன்ற போலச்செய்யும் மென்பொருள் உதவும். ஆயின் அதற்கும் எல்லையுண்டு. நினைவக அணுகலின் ஒழுங்கினை இன்ரெல் கண்டிப்பாகப் பேணுவது, ஏ.ஆர்.எம். அவ்வாறன்று. எனவே இன்ரெல் கணனியின்மீது போலச்செய்கையில் மறைந்திருக்கும் தவறு, உண்மையான ஏ.ஆர்.எம். இயந்திரத்திலேயே வெளிப்படலாம்.

இவ்வுழைப்பு தொடரும்வரைதான் ஒரு கட்டமைப்பு வாழும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, எவரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க ரிஸ்க்-வி கட்டமைப்பின் 64 பிற் வடிவத்தை முதன்முறையாக ஏற்றது. அதே பதிப்பில் 32 பிற் இன்ரெல் கணனிகளுக்கான கருவகமும் நிறுவற்சாதனமும் கைவிடப்பட்டன. பழைய கணனியை மாற்ற வசதியற்றோர்க்கு இஃது இழப்பே. எனினும் பேணுவோர் அருகிய கட்டமைப்பைத் தாங்கும் சுமையும் மெய்யானதே. மூலநிரலைத் திருத்தும் உரிமை எல்லோர்க்கும் உண்டு. அவ்வுரிமையைப் பயனாக்கும் உழைப்பையும் இயந்திரங்களையும் யார் வழங்குவது என்பதே தீர்க்கப்படவேண்டிய வினாவாகும்.