மேசைமேல் ஒரு போர்க்களம்

ஆடு புலி ஆட்டத்தை நீங்கள் அறிவீர்கள். ஒருபுறம் 3 புலிகள். மறுபுறம் 15 ஆடுகள். ஆடுகள் ஒன்றுக்கொன்று காவலாக நின்று புலிகளை அசையவொட்டாமல் முடக்க வேண்டும். சமமற்ற இரு படைகளின் போர்தான் அது. ஆனால், அந்தக் கோடுகளுக்கிடையில் மலை இல்லை, சேறு இல்லை, பசியும் இல்லை. இம்மூன்றையும் சேர்த்துக்கொண்டால், பொம்மைச் சிப்பாய்களை மேசைமேல் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டு பிறந்துவிடும்.

படை அதிகாரிகளின் பயிற்சிக்காக இதனை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர், பிரஷ்ய நாட்டு இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ்; ஆண்டு 1824. அவருடைய விதிகள் கணக்கும் அட்டவணையும் மலிந்தவை. ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் சிறு நூலை எழுதி, விளையாட்டை வீட்டுத் தரைக்கு இறக்கிவிட்டார். காலாள் ஒரு முறைக்கு ஓர் அடி நகரலாம். குதிரை வீரன் இரண்டு அடி. அளப்பதற்கு ஒரு கயிறு போதும். அக்காலச் சிப்பாய்கள் காரீயத்தில் வார்க்கப்பட்டவர்கள். லண்டனைச் சேர்ந்த பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 முதல் உள்ளே கூடாக வார்த்து, விலையைக் குறைத்தது. (பழைய பொம்மை கிடைத்தால் கை கழுவிய பிறகே உணவைத் தொடுங்கள், காரீயம் நஞ்சு.)

எங்கள் திருவண்ணாமலையில் காரீயச் சிப்பாய்களுக்கு எங்கே போவது? கொலுவில் இருந்து நிறம் மங்கிப்போன மண் பொம்மைப் பட்டாளமே போதுமானதாயிற்று. துப்பாக்கி முறிந்தவனையும் நாங்கள் படையிலிருந்து நீக்கவில்லை. போரையும் வெளியில் தேட வேண்டியிருக்கவில்லை.

1767 செப்டம்பர் 3ஆம் நாள், மேற்கே செங்கத்தில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கும்பினிப் படையை ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து தாக்கினர். அவர்கள் படை பன்மடங்கு பெரிது. ஆயினும் வென்றவர் ஸ்மித். வென்றவர் துரத்திச் சென்றாரா? இல்லை. அரிசி இல்லாமல் திருவண்ணாமலைக்குத் திரும்பினார். பாடநூலில் இது ஒரு வரி. மாணவர் அதைத் தாண்டிப் போய்விடுவர். ஆகவே நான் ஒரு விதி செய்தேன். ஒவ்வோர் அணிக்கும் சில புளியங்கொட்டைகள். ஒரு முறை ஆடினால் ஒரு கொட்டை செலவு. கொட்டை தீர்ந்த அணி நகரக் கூடாது. அதன்பின் ஸ்மித்தாக அமர்ந்த எந்தப் பையனும், வெற்றி பெற்றவுடன் முதலில் எண்ணியது எதிரிகளையல்ல, தன் கொட்டைகளையே.

அதே மாத இறுதியில் இரண்டாவது போர், எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே நிகழ்ந்தது. இரு படைக்கும் நடுவே சதுப்பு நிலம். அதைச் சுற்றிவர ஸ்மித் ஒரு குன்றின் மறைவில் விலகிச் சென்றார். பின்வாங்குகிறார் என்று கருதி ஹைதர் முன்னேறினார், தோல்வி நேர்ந்தது. ‘ஹைதர் ஏமாந்தார்’ என்று எழுதிவிடுவது எளிது. மேசையில் இரு கட்சியும் எல்லாவற்றையும் காண்பதால், பிள்ளைகளும் அப்படியே சிரித்தனர். பிரஷ்யர் இதற்கு வழி கண்டிருந்தனர்: அவரவர் படையின் கண்ணுக்கு எட்டுவதை மட்டுமே நடுவர் அவரவர்க்குக் காட்டுவார். நானும் நடுவே ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டினேன். ஹைதரின் இடத்தில் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் அவர் செய்ததையே செய்தனர். அன்று சிரிப்பு இல்லை.

பிறகு ஒரு மாணவன் கேட்டான்: “ஐயா, இந்தப் புளியங்கொட்டைகள் யாருடையவை?”

நல்ல கேள்வி. களத்தில் சாக்பீஸால் சிற்றூர்களை வரைந்தோம். ஒவ்வொன்றிலும் சில கொட்டைகள் வைத்தோம். ஓர் ஊரை அடைந்த அணி அவற்றை எடுத்துக்கொள்ளலாம்; எடுத்தபின் அவ்வூரை அழித்துவிட வேண்டும். இரு கட்சியும் திறமையாக ஆடிய நாள்களில், மாலையில் மேசைமேல் குன்றும் சேறும் சிப்பாய்களும் இருந்தனவேயன்றி, ஊர் ஒன்றும் இருந்ததில்லை.